கும்பல்வெல ரோட்டு வட்டக்கா கடை: புதுசை விட்டுட்டு கிடந்த காயைக் கேளுங்க

பேர்ப்பலகை கிடையாது, மேப்ல தேடுனாலும் வராது, அதனால முதல்ல வழியைச் சொல்லிடுறேன். கும்பல்வெல சந்தியில இருந்து பண்டாரவளைக்கு வர்ற ரோட்டுல ஓரத்தைப் பார்த்துக்கிட்டே வாங்க, தகரம் போட்ட ஒரு கொட்டில், முன்னுக்கு பலகைத் தட்டு, அதுல வரிசையா வட்டக்கா (மஞ்சள் பூசணிதான்), உள்ளுக்கும் வட்டக்கா, ஓரமா ஒரு வாழைத்தார், கொஞ்சம் தேசிக்காய், இருந்தா சோளம், அம்புட்டுத்தான் கடை. ஒரு அக்கா நடத்துறாங்க, பக்கத்துத் தோட்டத்து ஆளு, வீட்டுக்காரரு லொறியில கீழ்நாட்டுக்கு மரக்கறி ஏத்தப் போறவரு. ஒரு மரக்கறிக் கடைக்கு எதுக்கு இம்புட்டு பெரிய ரிவியூன்னு கேப்பீங்க, எல்ல டவுன்ல இருக்குற கஃபே ஒண்ணொண்ணுக்கும் பக்கம் பக்கமா எழுதுறாங்க, வீட்டுல தினம் சமைக்கிற காய் எங்க நல்லதா கிடைக்குதுன்னு யாரும் எழுதக் காணோம், அதான் நான் எழுதுறேன்.

நம்ம பக்கம் விளையுறது கரட், லீக்ஸ், பீட்ரூட், கோவா, போஞ்சி. வட்டக்காய்க்கு இந்தக் குளிர் அவ்வளவா ஒத்து வராது. கொடி ஓடும், இலை பெருசு பெருசா விடும், பூவும் பூக்கும், ஆனா காய் பிடிச்சு முத்துறதுக்குள்ள மழை வந்து அழுக்கிட்டுப் போயிடும். லயத்துக் கோடியில குப்பை மேட்டுல தானா முளைச்ச கொடியில ஒண்ணு ரெண்டு காய்க்கத்தான் செய்யும், அதை நான் குறை சொல்லல, அதைப் பிஞ்சுல பறிச்சு கூட்டு வைக்கலாம், கொழுந்தைக் கிள்ளி தேங்காப்பூ போட்டு சுண்டலாம், அதுக்கு மேல அதுகிட்ட எதிர்பார்க்கக் கூடாது. நல்லா மாவு பிடிச்ச காய் வேணும்னா அது வெயில்ல காஞ்ச மண்ணுல விளைஞ்சிருக்கணும், அதாவது வெல்லவாய, புத்தல, தணமல்வில, எம்பிலிப்பிட்டிய அந்தப் பக்கத்துக் காய். சிறுபோகத்துல சித்திரை வைகாசியில விதைச்சது மூணரை, நாலு மாசத்துல முத்தி ஆவணி புரட்டாசியில அறுப்புக்கு வரும். வெல்லவாயவுல இருந்து ஏறுற லொறி ராவணா எல்ல தாண்டி, எல்ல டவுனைத் தாண்டி, கும்பல்வெலயில வந்து இந்த ரோட்டுக்குத் திரும்பும். அக்கா கடை சரியா அந்தப் பாதையில இருக்கு, காய் இறங்குறதுக்கு நடுவுல வேற யாவாரி கை கிடையாது.

வெளிநாட்டுல ஒக்டோபர் மாசம்னாலே பூசணி சீசன்னு படம் படமா போடுறாங்கல்ல, இலை எல்லாம் சிவந்து உதிரும், வாசப்படியில ஒரஞ்ச் கலர்ல காய் அடுக்கியிருப்பாங்க. நம்ம மலையில இலை உதிர்ற காலம்னு ஒண்ணு எங்க இருக்கு, கவாத்து வெட்டுன தேயிலை மலைதான் மொட்டையா நிக்கும். ஆனா கணக்குப் பார்த்தா நமக்கும் அதே மாசம்தான் வட்டக்கா மாசம். புரட்டாசிச் சனி விரதம், நவராத்திரி, ஆயுத பூசை, அப்புறம் தீபாவளின்னு வீட்டுல மரக்கறிச் சமையல் ஓடிக்கிட்டே இருக்குற நேரம், சிறுபோகத்துக் காயும் அப்பதான் மலைக்கு ஏறி வந்து கிடந்து பக்குவமாகுது.

கிடந்துன்னு சொன்னேன்ல, அதுதான் விசயம். இந்தக் கடையை நான் தூக்கிப் பிடிக்கிறதுக்குக் காரணமே, அக்கா லொறியில இருந்து இறங்குன காயை அன்னைக்கே முன்தட்டுல வைக்கிறதில்ல. கொட்டிலுக்குப் பின்னுக்கு பலகையில பரண் அடிச்சு வச்சிருக்காங்க, அதுல சாக்கு விரிச்சு ஒரு காய் மேல இன்னொண்ணு படாம தள்ளித் தள்ளி அடுக்கி, ரெண்டு மூணு கிழமை அப்படியே விட்டுடுறாங்க. நடுவுல ஒரு நாளைக்கு ஒருக்கா கை வச்சுத் தடவிப் பார்த்து, காம்படியில மெத்துன்னு ஆனதை உடனே எடுத்து வெட்டி துண்டாக்கி வித்துடுவாங்க, அது பக்கத்துக் காய்க்கு பரவாம. கேட்டா பெருசா விளக்கம் எல்லாம் சொல்ல மாட்டாங்க, "பறிச்ச உடனே தின்னா மாவு இருக்கும், ருசி இருக்காது"ன்னு மட்டும் சொல்லுவாங்க. உண்மைதான், பறிச்ச காய்க்குள்ள இருக்குற மாச்சத்து கொஞ்சங் கொஞ்சமா இனிப்பா மாறுறதுக்கு நாள் வேணும், தோல்ல பட்ட கீறல் காஞ்சு மூடுறதுக்கும் நாள் வேணும். அமெரிக்காவுல பண்ணைக்காரங்க இதையே முறையா பண்ணுறாங்க, பறிச்ச காயை 27 இல்லன்னா 28 பாகை சூட்டுல ஒரு பத்து நாள் வச்சிட்டு, அப்புறம் 10ல இருந்து 13 பாகை வரைக்கும் உள்ள காஞ்ச அறையில மாசக்கணக்கா வைக்கிறாங்க. அவங்க அறை கட்டிப் பண்ணுற வேலையில பாதியை வெல்லவாய வெயில் காசில்லாம பண்ணிடுது, மிச்சப் பாதியை சுமார் 1,200 மீட்டர் உயரத்துல இருக்குற பண்டாரவளைக் குளிர் பார்த்துக்குது. இதே காயை நுவரெலியாவுக்கு, 1,868 மீட்டருக்குக் கொண்டு போய் வச்சீங்கன்னா வேற கதை, ராத்திரி குளிர் 10 பாகைக்குக் கீழ இறங்குனா முழுக்காய் உள்ளுக்குள்ள அடிபட்டு, வெளிய நல்லா இருக்குற மாதிரியே இருந்துட்டு, பிறகு ஒரே நாள்ல இளகிடும். அதே காரணத்துக்குத்தான் முழு வட்டக்காயை ஃப்ரிஜ்ஜுக்குள்ள தள்ளாதீங்கன்னு சொல்றது.

போனதும் அக்கா கேக்குற முதல் கேள்வி, "இன்னைக்குச் சமைக்கவா தங்கச்சி, வைக்கவா?" வைக்கன்னு சொன்னா பரண்ல கீழ்வரிசையில இருந்து எடுப்பாங்க, சமைக்கன்னா மேல்வரிசை. நான் எப்பவும் கீழ்வரிசையை எட்டிப் பார்க்குற ஆளு, அதைப் பார்த்துட்டு "உனக்குத் தெரியாம நான் ஒளிச்சா வச்சிருக்கேன்"னு சிரிப்பாங்க.

காய் தெரிவு பண்ணுறதை அவங்ககிட்டதான் பார்க்கணும். பெருவிரல் நகத்தை தோல்ல வச்சு லேசா அழுத்துவாங்க, நகம் இறங்குனா ஒதுக்கிடுவாங்க, இறங்காம வழுக்குனாத்தான் முத்துனது. (நம்மள அழுத்த விட மாட்டாங்க, ஆளாளுக்கு நகம் பதிச்சா காய் அழுகும்ல, நியாயம்தான்.) தோல் பளபளன்னு மின்னுறதை நம்பாதீங்க, அது இன்னும் பிஞ்சு. மங்கலா, மேல சாம்பல் தடவுன மாதிரி பூத்திருக்கணும். காயைப் புரட்டி தரையில படுத்திருந்த பக்கத்தைப் பாருங்க, அந்த இடம் வெளுத்துப் போய் வெள்ளையா இருந்தா அவசரத்துல பறிச்சிருக்காங்க, நல்ல மஞ்சளா தடிச்சிருந்தா கொடியிலேயே முத்தியிருக்கு. அப்புறம் காம்பு. ரெண்டு அங்குலமாவது காம்பு விட்டு வெட்டியிருக்கணும், அது காஞ்சு கட்டையா ஆகியிருக்கணும், காய்ல சேர்ற இடத்துல அஞ்சு மூலையா விரிஞ்சு இறுக்கமா பிடிச்சிருக்கும் பாருங்க, அங்க ஈரமோ கறுப்போ இருந்தா வேற எல்லாம் நல்லா இருந்தாலும் வைக்காதீங்க. காம்பே இல்லாத காயை அன்னைக்கே சமைக்கிறதுன்னா மட்டும் எடுங்க, அந்தக் குழியில இருந்துதான் அழுகல் ஆரம்பிக்கும். காம்பைப் பிடிச்சுத் தூக்காதீங்கன்னு அக்கா எல்லாருக்கும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க, யாரும் கேக்குறதில்ல, எல்லாரும் கைப்பிடி வச்சுக் குடுத்த மாதிரி அதைத்தான் பிடிக்கிறாங்க. கடைசியா ஒரே அளவு காய் ரெண்டை ரெண்டு கையில ஏந்திப் பார்த்து கனமானதை எடுங்க. தட்டிச் சத்தம் கேக்குற வேலையில எனக்கு நம்பிக்கை இல்ல, தேங்காய் வாங்குற பழக்கத்துல சும்மா தட்டிக்கிட்டு நிக்கிறாங்க.

ரகத்துப் பேர் சொல்லிக் கேக்குறவங்களும் வர்றாங்க, அர்ஜுனா இருக்கா, சம்சன் இருக்கான்னு. கலப்பு ரகம்தான் இப்ப லொறியில நிறைய வருது, விவசாயத் திணைக்களம் சொல்ற ருகுணு, மீமினி இதெல்லாம் எப்பயாச்சும் கலந்து வரும். எந்த ரகமா இருந்தாலும் முத்தி, கிடந்து பக்குவமானது பிஞ்சுல பறிச்ச பேர் போன ரகத்தை விட நல்லா இருக்கும், அதனால பேருக்காக நான் மெனக்கெடுறதில்ல.

முழுசா வேணாம்னா துண்டு வெட்டித் தருவாங்க, அதைப் பார்க்கவே நான் நிப்பேன். மரக்கட்டை மேல காயை வச்சு, பெரிய கத்தியை காம்புக்குப் பக்கத்துல குத்தி, கத்தி முதுகுல கட்டையால ரெண்டு தட்டு, கடக்னு ஒரு சத்தம், காய் ரெண்டா விழும். உள்ள செம்மஞ்சளா, கிட்டத்தட்ட கரட் நிறத்துல இருக்கணும், வெளிர் மஞ்சளா இருந்தா அக்காவே "இது கூட்டுக்குத்தான் சரி"ன்னு சொல்லி விலை குறைச்சிடுவாங்க. வெட்டுன இடத்துல கொஞ்ச நேரத்துல முத்து முத்தா பால் மாதிரி தண்ணி துளிக்கும், அது புதுக்காய்ல நிறைய, கிடந்ததுல கம்மி. விதையை எடுத்துப் பாருங்க, நடுவுல தடிச்சு நிறைஞ்சிருந்தா காய் முழுசா முத்துனது, ரெண்டு விரலுக்கு நடுவுல சப்பையா நசுங்குனா இல்ல. எப்பவாச்சும் ஒரு காய் கசக்கும், ரொம்ப அபூர்வம், ஆனா கசந்துச்சுன்னா சீனி போட்டு சரிக்கட்டப் பார்க்காம மொத்தத்தையும் கொட்டிடுங்க, அந்தக் கசப்பு வயித்தைக் கலக்கி வாந்தி பேதியில கொண்டு விடும், சமைச்சாலும் போகாது.

விலை, நான் கடைசியா வாங்குனப்ப முழுக்காய் கிலோ 140 ரூபா, வெட்டுத் துண்டு 180. இது நிலையில்ல, மழை பிடிச்சு மண் சரிஞ்சு ரோட்டை மூடிட்டா ஒரே ராத்திரியில ஏறிடும், லொறி தாராளமா ஏறுனா இறங்கிடும். பண்டாரவளை ஞாயிறு சந்தையில இதைவிடக் குறைவா கிடைக்கும், பொய் சொல்லக் கூடாது. காய் பார்த்து வாங்கத் தெரிஞ்சவங்க, காலையிலேயே போகக்கூடியவங்க சந்தைக்கே போங்க. ஆனா அங்க இருக்குறது பெரும்பாலும் முந்தின நாள் இறங்குன காய், வாங்கிட்டு வந்து நீங்கதான் பரண்ல போட்டுக் காத்திருக்கணும். டவுன்ல இருக்குற ஒரு சுப்பர் மார்க்கெட்ல பொலித்தீன் இறுக்கிச் சுத்துன துண்டு வாங்குனேன், ரேட்டும் கூட, வீட்டுக்கு வந்து பிரிச்சா விதைப் பக்கம் எல்லாம் வழுவழுன்னு நூல் விட்டிருக்கு. உள்ள என்ன நடக்குதுன்னு பொலித்தீனுக்கு மேல இருந்து தெரியாது, அக்கா கடையில கண்ணு முன்னாடி வெட்டுறாங்க, வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒக்டோபர் கடைசியில ஒரு நாள் நான் நிக்கும்போதே ஒரு வெள்ளைக்காரச் சோடி திரீவீலர்ல வந்து இறங்குச்சு, எல்லயில தங்கியிருக்காங்களாம், 31ஆம் தேதி ஹலோவீன் ராத்திரிக்கு மூஞ்சி செதுக்கி உள்ள விளக்கு வைக்க காய் வேணுமாம். திரீவீலர்த் தம்பிதான் மொழிபெயர்க்குறான், "அக்கா, இவங்க திங்கிறதுக்கு இல்லையாம், கண்ணு மூக்கு வெட்டுறதுக்காம்." அக்கா ஒரு நிமிசம் ஒண்ணும் பேசல. பிறகு பரண் பக்கமே போகாம, புதுசா இறங்குன குவியல்ல இருந்து ஒண்ணை எடுத்துக் குடுத்து, "திங்கிறதில்லன்னா எதுக்கு நல்லதைக் குடுக்கணும்"னு என்கிட்ட மெதுவா சொன்னாங்க. அந்தச் சோடி அங்கயே கத்தி வாங்கி முயற்சி பண்ணிப் பார்த்தாங்க, நம்ம காய் சதை தடிப்பு, வரி வரியா மேடு பள்ளம், கத்தி போன பாதையில நிக்கல, ஒரு கண்ணு வந்துச்சு, மத்த கண்ணு வாய் வரைக்கும் கிழிஞ்சிருச்சு. அவங்களுக்கே சிரிப்பு தாங்கல, சந்தோசமா காசைக் குடுத்துட்டுத் தூக்கிட்டுப் போனாங்க.

அவங்க ஊருல செதுக்குற காயே வேற இனம்ங்க. அது குக்குர்பிட்டா பெப்போ, தோல் வழுவழுன்னு, சதை மெல்லிசு, உள்ள நாரும் தண்ணியும், செதுக்க லேசு, தின்ன ஒண்ணுமில்ல. ஹோவ்டன்னு ஒரு ரகம் அதுக்குன்னே பேர் போனது. முதல்ல அயர்லாந்துல டர்னிப் கிழங்கைக் குடைஞ்சுதான் விளக்கு வச்சாங்களாம், அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் பூசணிக்கு மாறியிருக்காங்க. திங்கிறதுக்கு அவங்க பைங்கிற பலகாரத்துக்குப் போடுற சின்னச் சின்ன பூசணியை தனியா வாங்குறாங்க, இல்லன்னா டின். இல்லினோய் மாநிலத்துலதான் அங்க அதிகமா விளையுது, டின்ல அடைக்கிற டிக்கின்சன்ங்கிற ரகம் குக்குர்பிட்டா மொஸ்கேட்டா, அதாவது நம்ம வட்டக்கா இனமேதான், ஒரஞ்ச் கலர்ல மினுங்குற வாசப்படிக் காய் இல்ல, மங்கலா பழுப்பு நிறத்துல இருக்கும். ஆக ருசின்னு வந்துட்டா அவங்களும் மங்கல் காய்கிட்டதான் வந்து நிக்கிறாங்க. ராட்சசப் பூசணின்னு வருசா வருசம் நிறுக்குறாங்களே, 2023ல கலிபோர்னியாவுல ஒண்ணு 1,247 கிலோ, அது மாக்சிமாங்கிற மூணாவது இனம், அதைத் தின்னுறதைப் பத்தி யாரும் பேசுறதே இல்ல. இன்னொரு கூத்து, சீசன் வந்தா அங்க பூசணி மசாலாக் கோப்பின்னு பறக்குறாங்க, அந்த மசாலாவுல இருக்குறது கறுவா, இஞ்சி, சாதிக்காய், கராம்பு, பூசணி கிடையாது. 2003ல பெரிய கோப்பிக் கடைக்காரங்க அதை ஆரம்பிச்சு, 2015லதான் கொஞ்சம் பூசணிக் கூழ் சேர்த்தாங்க. கறுவாவும் கராம்பும் நம்ம மாத்தளைப் பக்கம் வேலியோரத்துல நிக்குது, நாம அதைப் புரியாணிக்குப் போட்டுட்டு பேசாம இருக்கோம்.

சமையல். கிடந்த காய் வாங்கிட்டுப் போய் பழைய கணக்குல தண்ணி ஊத்துனீங்கன்னா குழைஞ்சு போயிடும், அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. எங்க வீட்டுல தோல் சீவுறதில்ல, கழுவி, வழவழன்னு இருக்குற உள்பக்கத்தை வழிச்செடுத்துட்டு, ரெண்டு விரல் தடிப்புல பத்தை பத்தையா தோலோட போடுவோம், தோல்தான் துண்டை உடையாம பிடிச்சுக்கும். சட்டியில காய், வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ரம்பைத் துண்டு, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், உப்பு, ரெண்டாம் பால் அரைக் கோப்பை, அதுக்கு மேல வேணாம். மூடி வச்சு மெல்லிய நெருப்பு. கரண்டி போடவே கூடாது, சட்டியைத் துணியால பிடிச்சு ஒரு சுத்து ஆட்டி விட்டா போதும். வெந்த பிறகு கடுகும் ரெண்டு பல் வெள்ளைப்பூடும் அம்மியில அரைச்சு முதல் பால்ல கரைச்சு ஊத்தணும், கடைசியா அரிசியும் தேங்காப்பூவும் கறுக்க வறுத்து இடிச்ச தூள் ஒரு கரண்டி. அந்தக் கடுகு ஒறைப்பு மூக்குல ஏறும்போதுதான் இனிப்பு திகட்டாம நிக்கும், கடுகு இல்லாம வச்ச வட்டக்கா கறியை நான் ரெண்டாம் தரம் கேக்க மாட்டேன். விரதம் இல்லாத நாள்ல மாசித்தூள் போடுங்க. மிஞ்சுனது மறுநாள் காலையில ரொட்டிக்கு, சூடாக்காம அப்படியே, அது தனி. தேங்காப்பால் சேக்குறது ருசிக்கு மட்டுமில்ல, அந்த மஞ்சள் நிறத்துல இருக்குற கரோட்டின் உடம்புல சேர கொஞ்சம் கொழுப்பு வேணும், தண்ணியில அவிச்சுத் திங்கிறதை விட இது பிரயோசனம்.

சீனி வருத்தம் இருக்குறவங்க வட்டக்கான்னாலே பயப்படுறாங்க, பச்சைக் காய்ல 100 கிராமுக்கு 26 கலோரிதான், பத்துல ஒன்பது பங்கு தண்ணி. ரெண்டு பத்தையோட நிறுத்துனா பிரச்சினை இல்லன்னு எங்க அப்பா விசயத்துல பார்த்துட்டோம், ஆனா சோத்தையும் மலையா போட்டுக்கிட்டு காய் மேல பழி போடக்கூடாது.

விதையைத் தூக்கிப் போடாதீங்க. கழுவி, உப்புத்தண்ணியில கொஞ்ச நேரம் ஊற வச்சு, மழை நாள்ல வெயிலை நம்பாம அடுப்பு மேட்டுல ஒரு தட்டுல பரப்பி காய வச்சு, பிறகு வெறும் சட்டியில வறுத்தா வெடிச்சு வெடிச்சு வரும், பின்னேரம் பிளேன்டீக்கு நல்லா இருக்கும். வெட்டுன துண்டை விதைப் பக்கம் சுத்தமா வழிச்சிட்டு மூடி ஃப்ரிஜ்ல வச்சா நாலஞ்சு நாள் தாங்கும். முழுக்காயை சீமெந்துத் தரையில வைக்காதீங்க, அடியில ஈரம் ஏறும், பலகைத் துண்டோ சாக்கோ போட்டு காத்து படுற இடத்துல வைங்க, லயத்து வீட்டுல அடுப்புக்குப் பக்கத்து மேல்தட்டு அருமையான இடம், ரெண்டு மாசம் தாராளமா இருக்கும், கிழமைக்கு ஒருக்கா புரட்டிப் பார்த்துக்கங்க.

இனி குறைகள். வளைவுல கடை, வாகனம் நிப்பாட்ட இடமே இல்ல, பஸ் வர்ற சத்தம் கேட்டா எல்லாரும் தட்டோட ஒட்டிக்கணும், பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறவங்க கவனம். காட் எல்லாம் கிடையாது, காசுதான், 5,000 தாளை நீட்டுனா அக்கா மூஞ்சி மாறும். கொட்டில் தகரம் வலப் பக்க மூலையில ஒழுகுது, மழை நாள்ல அந்த மூலைக் காயை எடுக்காதீங்க, நனைஞ்ச காய் வச்சா தாங்காது, இதை அவங்ககிட்ட சொல்லியாச்சு, தகரம் விக்கிற விலையில எப்ப மாத்துறதுன்னு கேக்குறாங்க, எனக்கும் பதில் இல்ல. பக்கத்துல போத்தல்ல தேன்னு ஒண்ணு வச்சிருக்காங்க, வேற யாரோ கொண்டு வந்து வைக்கிறதாம், அதைப் பத்தி நான் நல்லதும் சொல்ல மாட்டேன் கெட்டதும் சொல்ல மாட்டேன், வாங்குனதில்ல. அரைக் கிலோவுக்குக் குறைஞ்சு துண்டு வெட்ட மாட்டாங்க, தனியா இருக்குறவங்களுக்கு அது கொஞ்சம் கஷ்டம்.

ஆயுத பூசை நேரத்துல நீத்துப்பூசணியும் கொஞ்சம் இறக்குவாங்க, லொறிக்காரங்க, திரீவீலர்த் தம்பிமாருங்க, தோட்டத்து பெக்டரிக்காரங்க எல்லாம் திருஷ்டிக்கு வாங்கிட்டுப் போவாங்க, அது காலையிலேயே முடிஞ்சிடும். வாங்குறவங்களுக்கு ஒரு கும்பிடு, குங்குமம் தடவி நடு ரோட்டுல உடைச்சிட்டு அப்படியே போயிடாதீங்க, காலால ஓரத்துக்குத் தள்ளி விட்டுட்டாவது போங்க, அந்த வளைவுல சைக்கிள்காரன் வழுக்குனா யாருக்குத் திருஷ்டி கழிஞ்சிச்சுன்னு தெரியாது.

மொத்தத்துல அஞ்சுக்கு நாலு குடுப்பேன். ஒழுகுற மூலைக்கும் வளைவுக்கும் சேர்த்து ஒண்ணு குறைச்சிருக்கேன், காய்க்குக் குறைக்கல. தீபாவளிக்கு முந்தின கிழமை போறவங்க ரெண்டு கிலோ மூணு கிலோ அளவுல சின்னக் காய் வேணும்னா முதல் நாளே போய் சொல்லி வச்சிட்டு வாங்க, எல்லயில இருந்து ஹொட்டல்காரங்க சூப்புக்குன்னு விடியவே வந்து சின்னதை எல்லாம் அள்ளிட்டுப் போயிடுறாங்க, பிறகு மிஞ்சுறது எட்டு கிலோ, பத்து கிலோக் காய்தான், அதை பஸ்ல மடியில வச்சுக்கிட்டுத்தான் வரணும்.